தனக்குத் தானே பக்கவாத்தியம்

மிருதங்கக்காரருக்குக் காய்ச்சல், வயலின்காரர் இன்னும் வந்து சேரவில்லை என்றால் சபாக் காரியதரிசிகள் வாசலுக்கும் மேடைக்கும் நடையாய் நடப்பார்கள். இன்று கிட்டார் பழகும் பிள்ளைகளுக்கு அந்தக் கவலையே இல்லை. டிரம்ஸ், பேஸ், பியானோ எல்லாம் முன்னமே வாசித்துப் பதிந்து வைத்த ஒலியைக் கம்ப்யூட்டரில் ஓட விடுகிறார்கள். அதற்கு 'பேக்கிங் டிராக்' என்று பெயர். கிட்டார் வயரை ஒரு சிறு பெட்டியில் செருகுகிறார்கள், காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறார்கள், கூடவே வாசித்துப் பதிந்தும் விடுகிறார்கள்.

அந்தப் பெட்டிதான் 'யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ்'. என் பேரனிடம் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு டப்பா அளவுதான். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை வினாடிக்கு 44,100 தடவை அளந்து, எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. நான் இன்னமும் 'கித்தார்' என்றுதான் சொல்கிறேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து நாக்கு, இனி மாறாது.

முன்பே பதிந்த ஒலியின் மேல் இன்னொரு ஒலியைப் பதியும் இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். தேடிய இடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்!

என் பெரியப்பா சொல்தா. சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு கிராமபோனும் பத்துப் பன்னிரண்டு ரிக்கார்டுகளும் கொண்டுவந்தார். பான்சியோன் வாங்கும் நாளன்று சாயங்காலம் குருசுக்குப்பத்து வீட்டில் அது பாடும். அதில் அவருக்கு உயிரான ரிக்கார்டு சிட்னி பெஷே வாசித்தது. எழுத்தில் கடைசியாக ஒரு 'ட்' உண்டு, வாயில் கிடையாது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பர். பிரான்ஸில் குடியேறி, 1959இல் பாரிஸை அடுத்த கார்ஷ் என்ற ஊரில் காலமானார். பெரியப்பா அவரைப் பிரெஞ்சுக்காரர் என்றே கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெஷே 1941 ஏப்ரல் 18 அன்று விக்டர் கம்பெனிக்காக ஒரு காரியம் செய்தார். ஒரு வாத்தியத்தை வாசித்துத் தட்டில் பதிந்தார். அந்தத் தட்டை ஓட விட்டு, அதைக் கேட்டபடியே அடுத்த வாத்தியத்தை வாசித்தார். இரண்டும் சேர்ந்து புதுத் தட்டில் பதிவாயின. இப்படியே கிளாரினெட், சோப்ரானோ சாக்ஸபோன், டெனார் சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று ஆறையும் ஒருவரே வாசித்தார். ஒவ்வொரு முறை தட்டு மாறும்போதும் முதலில் வாசித்தது மங்கும், இரைச்சல் கூடும். கார்பன் காப்பியைப் பார்த்துக் கார்பன் காப்பி எடுத்தவர்களுக்கு இது புரியும்.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. ஒருவரே ஆறு பேர் வேலையைச் செய்தால் மற்ற ஐந்து பேர் என்ன செய்வது? அந்தக் கால அமெரிக்க வாத்தியக்காரர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. ரிக்கார்டும் ரேடியோவும் வந்து ஹோட்டல்களிலும் தியேட்டர்களிலும் வாசித்தவர்கள் பிழைப்பை இழந்துகொண்டிருந்தார்கள். 1942 ஆகஸ்ட் 1 முதல் அவர்களுடைய சங்கம், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில், இனி ரிக்கார்டுக்கு வாசிப்பதில்லை என்று நிறுத்திவிட்டது. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லாததால், கம்பெனிகள் வாத்தியம் இல்லாமல் கோரஸ் குரல்களையே பக்கவாத்தியமாக வைத்துப் பாட்டுகள் வெளியிட்டன! பெரிய கம்பெனிகளான விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில்தான் பணிந்தன. விற்கும் ரிக்கார்டுக்கு இவ்வளவு என்று சங்க நிதிக்குப் பணம் கட்ட ஒப்புக்கொண்டன. வேலையில்லாத வாத்தியக்காரர்களுக்கு அந்த நிதி உதவியது. பெட்ரில்லோவை முரடர் என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆறு டைப்பிஸ்டுகள் இருந்த அறையில் ஒரு கம்ப்யூட்டரும் ஐந்து காலி நாற்காலிகளும் இருந்ததைப் பார்த்தவன் நான். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

வித்தை நிற்கவில்லை. கிட்டாரைப் பொறுத்தவரை அதை வளர்த்தவர் லெஸ் பால். 1915இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். ஹாலிவுட்டில் தன் வீட்டுக் கார் ஷெட்டைப் பதிவு அறையாக்கிக்கொண்டு, தட்டு வெட்டும் யந்திரத்தைத் தானே செய்துகொண்டார். 1948இல் கேப்பிடல் கம்பெனி வெளியிட்ட 'லவர்' என்ற ரிக்கார்டில் கேட்கும் கிட்டார்கள் அத்தனையும் அவர் ஒருவருடையவை. சிலவற்றைத் தட்டின் வேகத்தைக் குறைத்துவிட்டு வாசித்தார். சாதாரண வேகத்தில் ஓட்டினால் அவை குருவிக் கூட்டம் போலக் கீச்சிடும். அதே வருஷம் பாரிஸில் பியேர் ஷெஃபேர் என்ற வானொலி எஞ்சினியர் ரயில் சத்தங்களைத் தட்டில் பிடித்து, மாற்றிக் கோத்து ஒரு சங்கீதம் செய்து ஒலிபரப்பினார். முதல் ஆளுக்குப் பணம் வந்தது, இரண்டாம் ஆளுக்குத் தத்துவம் வந்தது. பிரெஞ்சு வாத்தியார்களிடம் படித்த எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

1948 ஜனவரியில் லெஸ் பால் கார் விபத்தில் சிக்கினார். வலது முழங்கை நொறுங்கியது. இனி அந்தக் கை மடங்காது என்று ஆனபோது, கிட்டார் பிடிக்கும் கோணத்தில் வைத்துப் பொருத்திவிடும்படி டாக்டர்களைக் கேட்டுக்கொண்டார். அப்படியே செய்தார்கள். வாழ்நாள் முழுக்க அந்தக் கை அப்படியே இருந்தது.

அடுத்த வருஷம் பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஓர் ஆம்பெக்ஸ் டேப் ரிக்கார்டர் பரிசளித்தார். அதில் ஒரு தலையைக் கூடுதலாகப் பொருத்தினார் லெஸ் பால். நாடாவில் ஏற்கெனவே இருப்பதை அந்தத் தலை முதலில் படித்துவிடும். பிறகு அழிக்கும் தலை அதை அழிக்கும். படித்ததும் புதிதாக வாசிப்பதும் சேர்ந்து அதே நாடாவில் மறுபடி பதியும். பத்தாவது தடவை வாசிக்கையில் விரல் பிசகினால், முதல் ஒன்பதும் போச்சு. மனைவி மேரி ஃபோர்டு பாட, இந்த முறையில் செய்த 'ஹவ் ஹை த மூன்' 1951இல் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

இந்த ஆபத்து நீங்க, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நாடாவில் தனித் தடம் வேண்டும். ஆனால் அதில் ஒரு சிக்கல். பதியும் தலை ஓரிடம், கேட்கும் தலை ஓரிடம். இடையில் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடா வினாடிக்கு 15 அங்குலம் ஓடினால், பழையதைக் கேட்டு வாசிக்கும் புதியது பதினைந்தில் ஒரு பங்கு வினாடி பிந்திப் பதியும். தாளம் கெட்டது. ஆம்பெக்ஸின் ராஸ் ஸ்னைடர் ஒரு வழி கண்டார். பதியும் தலையைக் கொண்டே பழைய தடங்களைக் கேட்க வைத்தார். அப்படிச் செய்த எட்டுத் தட யந்திரத்தை 1957இல் லெஸ் பால் வாங்கினார். விலை 10,000 டாலர்.

நம் பக்கம் அறுபதுகளிலும் மெட்ராஸ் ஸ்டூடியோக்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்துதான் வாசித்தார்கள். ஒருவர் தப்பினால் எல்லோரும் பல்லவியிலிருந்து.

பிறகு விலை இறங்கியது. 1979இல் சாதாரணக் காசெட்டில் நான்கு தடம் பதியும் போர்ட்டாஸ்டூடியோவை டியாக் கம்பெனி கொண்டுவந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டில் அதில் பதிந்தவற்றையே 1982இல் 'நெப்ராஸ்கா' என்று ரிக்கார்டாக வெளியிட்டார். யூ.எஸ்.பி. என்ற செருகி 1996இல் வந்தது.

அந்தப் பழைய சிக்கல் மட்டும் போகவில்லை. என் பேரன் ஒரு நாள், "தாத்தா, நான் தட்டுறதுக்கும் காதில் கேக்கிறதுக்கும் நடுவில ஒரு இழுப்பு இருக்கு" என்றான். கம்ப்யூட்டர் எண்களைத் தொகுதி தொகுதியாகத்தான் வாங்கும். 1,024 எண்கள் சேரும்வரை காத்திருந்தால் 23 மில்லி வினாடி. திரும்ப வெளியே வரவும் அவ்வளவு. 256 ஆகக் குறைத்தால் 6 மில்லி வினாடிக்குள் வரும், ஆனால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி ஒலி வெடிக்கலாம். இன்னொரு வழி, பெட்டியிலேயே உள்ள குமிழைத் திருப்பிக் கிட்டாரை நேரே காதில் கேட்பது. கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பும் வேலையே இல்லை. ராஸ் ஸ்னைடர் கதையைச் சொல்லிவிட்டு, அந்தக் குமிழைக் காட்டினேன். திருப்பினான், சரியாகிவிட்டது.

அன்று இரவே பெரியப்பாவின் பெஷேவை அவனுக்குக் கேட்க வைத்தேன். கம்ப்யூட்டரில்தான். ரிக்கார்டுகள் எப்போதோ போய்விட்டன. இரண்டு தடவை கேட்டுவிட்டு, "டிரம்ஸ் கொஞ்சம் சுமார்தான் தாத்தா" என்றான்.

லெஸ் பால் 2009இல், 94 வயதில் காலமானார். அந்த வருஷம்கூட நியூயார்க்கில் திங்கட்கிழமை தோறும் ஒரு கிளப்பில் வாசித்தார், பக்கத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு.