உணவுக்குழாய் இணைப்புக் குறுக்கம்: தடுப்பு முறைகள்

உணவுக்குழாயை அகற்றியபின், குழாய் வடிவில் அமைத்த இரைப்பையை மேலே கொணர்ந்து, எஞ்சிய பகுதியுடன் கழுத்திலோ மார்பிலோ இணைப்பார்கள். அவ்விணைப்பு வடுப்பட்டுச் சுருங்குவதே குறுக்கம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தோன்றும். முதலில் சோறும் இறைச்சியும் சிக்கும். முற்றினால் கஞ்சியும் இறங்காது.

தடுப்பு அறுவை அரங்கிலேயே தொடங்குகிறது. இரைப்பைக் குழாய் பெருவளைவை ஒட்டிய ஒரு தமனியையே முதன்மையாக நம்பியிருக்கிறது. இணைக்கப்படும் நுனியோ அதற்கு வெகுதொலைவில். இரத்தம் குறைந்தால் கசிவு, கசிந்தால் தடித்த வடு. எனவே இண்டோசயனின் கிரீன் சாயத்தைச் செலுத்தி, ஒளிர்வைக் கண்டு, குருதியோட்டம் நல்ல இடத்தில், இழுவிசையின்றி இணைக்கிறார்கள். இதைவிட முக்கியமான படி வேறில்லை. இணைக்கும் கருவியையும் கவனிக்க வேண்டும்: சிறிய விட்டமுள்ள வட்ட ஸ்டேப்ளர் குறுக்கத்தை மிகுவிக்கும். 1998இல் அறுவை மருத்துவர் கோலாரின் (Collard) குழுவினர் விவரித்த, நேர்கோட்டு ஸ்டேப்ளரால் பக்கவாட்டில் இணைக்கும் முறை அகன்ற வாயைத் தருகிறது.

பின்னர், ஓமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்துகள் துணைநிற்கும். குறுக்கம் வந்துவிட்டால் எண்டோஸ்கோப்பி வழியே பலூனால் விரிப்பார்கள், பலமுறை தேவைப்படலாம். புற்றுநோய் மீண்டிருக்கிறதா என்று திசுச் சோதனையும் அவசியம். விழுங்கத் தடை தோன்றியதுமே, மறுசந்திப்புக்குக் காத்திராமல் அறுவை மருத்துவரை அணுக வேண்டும்.