திரும்பியவரா, புதியவரா?

‘தாயகம் திரும்பியோர்’ – அரசாங்க ஏடுகளில் அவர்களுக்கு இட்ட பெயர் இது. எழுதிய கை எவருடையதோ அறியோம். அந்தக் கைக்குரியவர் ஒரு நாள் இராமேசுவரத்துக் கரையில் நின்று, கப்பலிலிருந்து இறங்கிய முகங்களைக் கண்டிருப்பாரானால், ‘திரும்பியோர்’ என்று எழுதக் கூசியிருப்பார். திரும்புவதென்றால் முன்பொரு நாள் இங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டுமன்றோ? புறப்பட்டவர் பாட்டனார், சிலருக்குப் பாட்டனாரின் பாட்டனார். வந்து இறங்கியவளோ, அட்டனிலோ பதுளையிலோ பிறந்தவள். அங்கேயே கொழுந்தெடுத்து, அங்கேயே மக்களைப் பெற்று, தன்னைப் பெற்றவளை அந்த மலைச்சரிவிலேயே புதைத்துவிட்டு வந்தவள். அவளுக்கு இது புது வெயில், புதுத் தண்ணீர், புது நாடு. மொழி ஒன்றுதான் பழையது. அதிலும், லயத்து அறையை அவள் ‘காம்பரா’ என்றாள், ஆள் கணக்கெடுக்கும் காலைக் கூட்டத்தைப் ‘பெரட்டு’ என்றாள், கேட்டவர் விழித்தனர்.

எப்படி நேர்ந்தது இந்த விந்தை? தலையெழுத்து என்பார் உளர். தலையெழுத்தன்று, தோழரே, இலையெழுத்து!

1820-களில் கண்டிச் சீமையின் மலைகளில் வெள்ளைத் துரைமார் காப்பி பயிரிடத் தொடங்கினர். காப்பிப் பழம் பறிப்பது ஆண்டில் சில திங்கள் வேலை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் எனப் பஞ்சம் வாட்டிய பகுதிகளிலிருந்து ஆட்கள் கங்காணியின் பின்னே நடந்தனர்; தோணியேறி மன்னார் கடந்து, காட்டு வழியே மாத்தளை நோக்கி மீண்டும் நடந்தனர். வழியிலே காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் இரையானோர் பலர். எஞ்சியவர் பழம் பறித்தனர். பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் மீண்டனர். அவர்களே மெய்யாகத் ‘திரும்பியோர்’.

1869-இல் காப்பி இலையில் ஒரு செந்துரு படர்ந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சணம் அது. இருபதாண்டுக்குள் காப்பித் தோட்டங்கள் பட்டுப்போயின. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867-இலேயே லூல்கந்துரையில் அதைப் பயிரிட்டுக் காட்டியிருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது; ஆண்டு முழுவதும் வாரந்தோறும் துளிர்க்கும், வாரந்தோறும் கிள்ள வேண்டும். ஆகவே ஆள் ஊர் திரும்பலாகாது. தனி ஆளும் போதாது. பெண்ணின் கை வேண்டும், பிள்ளையின் கையும் வேண்டும். குடும்பம் குடும்பமாக லயங்களில் அமர்த்தப்பட்டனர். வந்துபோகும் கூலியைக் குடியாக மாற்றியது ஒரு செடியின் இயல்பும், அதை வைத்துப் பொருளீட்டிய முதலாளியின் கணக்குமே.

அங்கே அவர்கள் பொருந்தி வாழ்ந்தார்களா? வாழ்ந்தார்கள், வேறு வழியில்லாத காரணத்தால். கங்காணியிடம் பட்ட கடனைக் காட்டும் ‘துண்டு’ என்னும் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போக முடியாது; 1921-இல்தான் அம்முறை ஒழிந்தது. ஒற்றை அறையில் உலை, உறக்கம், பேறு, சாவு அனைத்தும். குளிரில் விடியுமுன் தப்படித்து எழுப்புவர். சாதியும் கடலைக் கடந்துதான் சென்றது. கடல் தாண்டினால் சாதி கெடும் என்ற சாத்திரத்தை நம்பியோர் ஏமாந்திருப்பர்! லயத்தையும் சாதி பார்த்தே பிரித்தனர். எனினும் ஒரே மலையில், ஒரே நிரையில் நின்று, ஒரே தராசில் கொழுந்தை நிறுத்து, ஒரே துரைக்கு அஞ்சி வாழ்ந்தவரிடையே அது சற்றே மழுங்கியது.

நூறாண்டு உழைப்புக்குப் பின் வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. பார்த்தனர் ஆளவந்தார், பதறினர். 1948-இல் குடியுரிமைச் சட்டம். 1949-இல் வாக்குரிமை பறிப்பு. தந்தை இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கொணர்க என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று எழுதிவைத்தவர் யார்? பல இலட்சம் மக்கள் ஒரே வீச்சில் நாடற்றவராயினர்.

1964 அக்டோபர் 30. இந்தியத் தலைமை அமைச்சர் சாஸ்திரியும் இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 9,75,000 எனக் கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வோம்! ஏழு பேரை இந்தியா ஏற்றால் நான்கு பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று விகிதமும் வகுத்தனர். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 எனப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டனர். பங்காளிகள் பாத்திரம் பண்டம் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தனர். பிரிக்கப்பட்டவரிடம் ஒரு சொல் கேட்டாரில்லை. பின்னர் விண்ணப்பம் வாங்கியபோது உள்ளக்கிடக்கை வெளிப்பட்டது. இலங்கையின் 3 இலட்சம் இடங்களுக்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டோர் வேண்டி நின்றனர். இந்தியாவுக்கோ ஒதுக்கிய தொகைகூட நிரம்பவில்லை. தாயகம் எதுவென அவர்கள் தாமே சொல்லிவிட்டனர். கேட்கச் செவிதான் இல்லை.

ஆயினும் வந்தனர். 1973, 74-இல் தோட்டங்களில் பட்டினிச்சாவு விழுந்தது; 1977, 1981, 1983 ஆண்டுகளில் இனவெறியர் லயங்களுக்குத் தீவைத்தனர். குடும்ப அட்டை ஒன்றைக் கையிற்பிடித்து, தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பலேறி, சில மணி நேரக் கடலைக் கடந்து, மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தனர். முன்னாளில் இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய்க்கு அஞ்சி நிறுத்தி வைத்த அதே முகாம்! 1984-இல் கப்பல் நின்றபோது, பிள்ளைகளையும் சேர்த்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர்.

வந்தவர்க்கு நாம் என்ன செய்தோம்? செய்ததை மறைக்க வேண்டியதில்லை. 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. அதுவே 1976-இல் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கோத்தகிரி, பந்தலூர், சேரம்பாடி, பின்னர் வால்பாறை என மலைகளில் கொழுந்துக்கூடை மீண்டும் முதுகேறியது. கைக்குத் தெரிந்த வேலை, உடலுக்குப் பழகிய குளிர். அங்கே அவர்கள் வேர் பிடித்தனர். கூலி குறைவு, வீடு மீண்டும் லயமே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பெரும்பாலோர்க்குக் கிடைத்தது தோட்ட வேலையன்று, 5,000 ரூபாய் வரையிலான தொழிற்கடன். வெயில் காயும் ஊரொன்றில் இறக்கிவிட்டுக் கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றார்கள். தலைமுறை தலைமுறையாகத் தராசின் மறுபக்கம் நின்றவள் அவள். பிறர் நிறுக்கத் தன் கொழுந்தைக் கொடுத்தவளே தவிர, தானாக எடைபோட்டு விற்றறியாள். முதலை ஒருவன் கடனுக்கு வாங்கினான், இன்னொருவன் தரகு என்று பிடுங்கினான். பாட்டனாரின் ஊரைத் தேடிப் போனவர்க்கோ, நிலத்தை என்றோ உழுதுகொண்ட உறவினர் வாயிற்படியிலேயே விடை கொடுத்தனர். அதைக் குற்றமென்பதா, வறுமையென்பதா? இரண்டும்தான்.

வெயில் தாங்காமலும் பிழைப்புத் தேறாமலும் அவர்கள் மலை தேடி நடந்தனர். கூடலூரில் பட்டா இல்லாத காட்டுச்சரிவுகளில் குடிசை போட்டனர்; வெளியேற்ற ஆணை பின்தொடர்ந்தது. கோத்தகிரிப் பக்கம் சிறுதோட்டங்களில் கிடைத்த கூலிக்குக் குனிந்தனர். கூலியைக் கெடுக்க வந்தவர் என்று ஏசப்பட்டனர். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கியோர் கொத்தடிமைகளாகிக் கிடந்தது 1980-களில் வெளிவந்தது. துண்டுச் சீட்டு 1921-இல் அங்கே ஒழிந்தது. வேறு பெயரில் இங்கே அவர்களைக் காத்திருந்தது!

அங்கே இருந்த வரை அவர்கள் ‘இந்தியாக்காரர்’, ‘கள்ளத்தோணி’. இங்கே வந்ததும் ‘சிலோன்காரர்’, ‘அகதி’. அகதி வேறு, ஒப்பந்தப்படி இந்தியக் குடிமகனாக வந்தவன் வேறு என்பது அக்கம்பக்கத்தார்க்கு மட்டுமன்றி அலுவலகத்தார் சிலருக்கும் விளங்கவில்லை. சமவெளியில் குடியேறியவர் எதிர்கொண்ட முதற் கேள்வி, ‘உனக்கு என்ன வேலை தெரியும்?’ என்பதன்று, ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்பது. விடை தெரிந்த பிறகே வீடு ஊருக்குள்ளா சேரியிலா என்பது முடிவாயிற்று. மலையில் மழுங்கியிருந்த கத்தியை ஊர் தீட்டிக்கொடுத்தது. அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட குலத்தினர். தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்திருந்த காலம் அது. அந்தக் குவளையில் ஊற்றியது எதை? அவள் பாட்டி கிள்ளிக் கிள்ளி உலகத்துக்கு அறிமுகப்படுத்திய அதே தேநீரை!

புதியவர் வந்தால் அவர் நம்மோடு பொருந்தவில்லை என்று குறைகூறுவது எங்கும் வழக்கம். இவர்கள் பொருந்தாதது எதில்? நம் மொழி பேசினர், மாரியம்மனுக்கு நம்மைப் போலவே பொங்கல் வைத்தனர் (அதுகூட நமக்கு வருத்தமே!), காமன் கூத்தை நம்மைவிடக் கருத்தாகக் காத்து வைத்திருந்தனர், எந்தக் கூலிக்கும் உடன்பட்டனர். அவ்வளவு பொருந்தியும் இடம் கிடைக்கவில்லை. கர்நாடகத்துச் சுள்ளியாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டோர் கன்னடம் கற்றுக் காலூன்றினர். நிக்கோபாரின் கச்சால் தீவுவரை சென்று பால்மரம் வெட்டியோரும் உண்டு. மொழி தெரியாத மண்ணில் பட்டதற்கு ஈடாக மொழி தெரிந்த மண்ணிலும் பட்டார்கள் என்றால், கோணல் வந்தவரிடத்தில் இல்லை.

இலங்கை 2003-இல் சட்டமியற்றி, எஞ்சியிருந்த நாடற்ற மலையகத்தார்க்குக் குடியுரிமை வழங்கியது. 1983-க்குப் பின் கலவரத்துக்கு அஞ்சி ஓடிவந்து இங்கே முகாம்களில் அடைந்த அதே மக்களில் பலர், இந்திய மரபினராயிருந்தும், நாடற்றவராகவே நின்றனர். அவர்களில் சிலரது வழக்கில் 2019-இல்தான் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குடியுரிமை வேண்டுகோளை நடுவணரசு ஆராய வழி திறந்தது. முன்னரே வந்து குடியுரிமை பெற்றவரின் பேரப்பிள்ளைகளுக்கு வேறொரு தொல்லை. பள்ளியில் சேரவும் உதவித்தொகை பெறவும் சாதிச் சான்றிதழ் கேட்டால், பாட்டன் இன்ன ஊரில் இன்ன குலத்தில் இருந்தான் என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டியிருந்தது. அவர்களிடம் இருந்ததோ கண்டியில் கொடுத்த ஒரு குடும்ப அட்டை. அதன் ஓரம் கிழிந்து, எழுத்து மங்கியிருந்தது.