நம்ம ஊர் விமானங்கள் பிறக்கும் பிளான்யாக்: 25,000 பேர் வாழும் பிரெஞ்சுப் புறநகரின் கதை

2023 ஜூன் 19-ம் தேதி, பாரிஸ் விமானக் கண்காட்சியில் இண்டிகோ ஒரே ஒப்பந்தத்தில் 500 ஏ320 ரக விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பயணிகள் விமானத் துறையில் அதுவரை யாருமே ஒரே தடவையில் இவ்வளவு வாங்கியதில்லை. அதற்கு நான்கு மாதம் முன்புதான் ஏர் இந்தியா 250 ஏர்பஸ் விமானங்களைக் கேட்டிருந்தது. செய்திகளில் இண்டிகோ வந்தது, டாடா வந்தது, மோடியும் மக்ரோனும் வந்தார்கள். அந்த ஆர்டர்களை நம்பிப் பிழைக்கும் ஊரின் பெயர் மட்டும் வரவில்லை.

அந்த ஊர் பிளான்யாக். பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள துலூஸ் நகரத்தை ஒட்டி, வடமேற்கே, கரோன் ஆற்றின் இடது கரையில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 25,000. பரப்பளவு 17 சதுர கி.மீ. கூட இல்லை. அதிலும் பெரிய பங்கு விமான நிலையத்துக்கும் ஆலைகளுக்கும் போய்விடுகிறது. ‘ஏர்பஸ் என்றால் துலூஸ்’ என்றுதான் நாம் எழுதுகிறோம். ஆனால் பயணிகள் விமானப் பிரிவின் தலைமையக முகவரியில் இருப்பது பிளான்யாக். சென்னையிலிருந்து தூத்துக்குடி போகும்போது இறக்கை மேலே, விசிறி வெளியே தெரிகிற அந்தச் சின்ன ஏடிஆர் விமானத்தில் ஏறியிருப்பீர்கள்தானே? அந்த நிறுவனத்தின் தலைமையகமும் இதே ஊரில்தான்.

கான்கார்டு கிளம்பிய ஓடுபாதை

துலூஸில் விமானம் செய்வது முதல் உலகப்போர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஜெர்மன் எல்லையிலிருந்து முடிந்தவரை தூரமாக இருக்கட்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பக்கத்தில் ஆற்றங்கரைச் சமவெளியில் கிடந்த பிளான்யாக்குக்கு விமான நிலையம் பின்னால் வந்தது. அந்த ஓடுபாதையிலிருந்து முதன்முதலாகப் பறந்தவற்றின் பட்டியலே போதும், ஊரின் வரலாற்றைச் சொல்ல: 1955-ல் காரவெல், 1969 மார்ச் 2-ல் கான்கார்டு, 1972-ல் ஏ300, 1987-ல் ஏ320, 2005-ல் ஏ380, 2013-ல் ஏ350.

இதில் ஏ380-ன் கதையைத் தனியாகச் சொல்லணும். ஐரோப்பாவின் பல நாடுகளில் செய்த அதன் பாகங்கள் கப்பலில் போர்தோ பக்கம் வந்து, படகில் கரோன் ஆற்றின் வழியாக லாங்கோன் வரை வந்து, அங்கிருந்து சுமார் 240 கி.மீ. ராட்சத லாரிகளில் வரும். இரவில் மட்டும்தான். லேவின்யாக் என்ற கிராமத்தில் வீட்டுச் சுவருக்கும் லாரிக்கும் நடுவே கொஞ்சம்தான் இடைவெளி இருக்கும். அந்த விமானத்துக்காகவே சாலைகள் மாற்றப்பட்டன. பிளான்யாக்கையும் அண்டை ஊர்களையும் சேர்த்துப் புதிய தொழிற்பேட்டை எழுந்தது. அதில் சுமார் அரை கி.மீ. நீளத்துக்கு ஒரு கொட்டகை. எல்லாம் செய்து, கடைசியில் ஏர்லைன்களுக்குப் போனது 251 விமானம்தான். 2021-ல் கடைசி ஏ380-ஐ எமிரேட்ஸுக்குக் கொடுத்துவிட்டு உற்பத்தியை மூடினார்கள்.

கொட்டகை சும்மா கிடக்கவில்லை. இண்டிகோ ஆர்டர் கொடுத்த மறுமாதமே, 2023 ஜூலையில், அதே கட்டடத்தில் ஏ321 பூட்டும் புதிய வரிசை திறக்கப்பட்டது. அதற்காக இண்டிகோவின் 500-ம் இங்கிருந்தே வரும் என்று நினைத்துவிட வேண்டாம். ஏ320 குடும்ப விமானங்களை ஜெர்மனியின் ஹாம்பர்க், அமெரிக்காவின் மொபைல், சீனாவின் தியான்ஜின் நகரங்களிலும் பூட்டுகிறார்கள்.

ஆலை இருக்கும் ஊர் பணக்கார ஊரா?

ஒரு காலத்தில் ஆமாம். பழைய பிரெஞ்சு முறையில், ஒரு நிறுவனம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊராட்சிக்கே தொழில் வரி கட்டும். ஏர்பஸ் மாதிரி ஒரு கம்பெனி இருந்தால் கேட்கவா வேணும்? பெருநகரங்களில் பார்க்கிற அளவுக்குப் பெரிய அரங்கும் நூலகமும் கொண்ட ‘ஒதிசூத்’ பண்பாட்டு மையத்தை 1988-லேயே திறந்தது இந்தச் சின்ன ஊர்.

இப்போது கணக்கு வேறு. 2010-ல் அந்த வரியே ஒழிந்தது. அதன் இடத்தில் வந்த வரிகளில் பெரும்பகுதி துலூஸும் பிளான்யாக்கும் உட்பட 37 ஊர்கள் சேர்ந்த ‘துலூஸ் மெத்ரோபோல்’ அமைப்பின் பொதுப் பணப்பெட்டிக்குப் போகிறது. இழந்த வருமானத்துக்கு ஈடாக ஊருக்கு ஒரு தொகை வரும். ஆனால் அது பழைய கணக்கில் உறைந்த தொகை. ஏர்பஸ் உற்பத்தி இரண்டு மடங்கானாலும் அது தானாக ஏறாது. நிலம், கட்டடம் மீதான வரி ஊருக்கு உண்டு. என் பார்வையில் இந்தப் பகிர்வு நியாயமானதுதான். தொழிலாளர்களில் பெரும்பாலோர் சுற்றியிருக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள், அவர்களுக்குப் பள்ளியும் சாலையும் அந்த ஊர்கள்தானே தரணும்? ஆனால் சத்தமும் நெரிசலும் அப்படிப் பகிரப்படுவதில்லை.

ஒரே துறையை நம்பினால்...

2019-ல் ஏர்பஸ் 863 விமானங்களை டெலிவரி செய்தது. கொரோனா வந்த 2020-ல் 566. அந்த ஜூன் மாதக் கடைசியில் உலகம் முழுக்க 15,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக ஏர்பஸ் அறிவித்தது. அதில் 5,000 பிரான்ஸில். ஊரே கதிகலங்கியது. அரசின் ஊதிய உதவித் திட்டமும், விருப்ப விலகலும், முன்கூட்டிய ஓய்வும் கைகொடுத்ததால் பிரான்ஸில் கட்டாயப் பணிநீக்கம் தவிர்க்கப்பட்டது. தற்காலிக ஊழியர்களுக்கும் ஒப்பந்த எஞ்சினியர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்களின் ஒப்பந்தங்கள்தான் முதலில் நின்றன.

2024-ல் டெலிவரி 766-க்கு ஏறிவிட்டது. கையில் பாக்கி ஆர்டர் 8,600-க்கு மேல். அதே வேகத்தில் போனால் பதினோரு வருட வேலை. அதில் கணிசமான பங்கு இந்திய ஏர்லைன்களுடையது.

விமான நிலையம் யாருடையது?

இது உள்ளூரில் பெரிய சண்டை. 2015-ல் பிரெஞ்சு அரசு விமான நிலைய நிறுவனத்தின் 49.99% பங்கை 30.8 கோடி யூரோவுக்கு ஒரு சீன முதலீட்டுக் குழுவிடம் விற்றது. ‘பெரும்பான்மை பொதுத்துறையிடமே இருக்கு’ என்றது அரசு. ஆனால் அரசும் வாங்கியவர்களும் செய்துகொண்ட தனி உடன்பாட்டால் நிர்வாகப் பிடி மாறிவிட்டது என்று தொழிற்சங்கங்களும் குடியிருப்பாளர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐந்து வருடம் முடிவதற்குள், 2019 டிசம்பரில், அந்தக் குழு தன் பங்கை எய்ஃபாஜ் என்ற பிரெஞ்சுக் கட்டுமான நிறுவனத்துக்கு சுமார் 50 கோடி யூரோவுக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது.

பங்கு கைமாறினாலும் ஓடுபாதை அதே இடத்தில்தான். பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் இரவு 11.30 முதல் காலை 6 மணி வரை விமானங்களுக்குத் தடை. இங்கே முழுத் தடை இல்லை. அதிகச் சத்தம் போடும் ரகங்களுக்கு மட்டுமே இரவுக் கட்டுப்பாடு. சத்த எல்லைக்குள் வரும் பகுதிகளில் புது வீடு கட்டவும் கட்டுப்பாடு உண்டு. பழைய வீடுகளுக்கு ஒலித்தடுப்புச் சன்னல் போட, விமான நிறுவனங்களிடம் வசூலிக்கும் சத்த வரியிலிருந்து உதவி கிடைக்கிறது. ஓர்லியில் இருப்பது எங்களுக்கும் வேணும் என்று துலூஸ் பகுதிக் குடியிருப்பாளர்கள் பல வருடமாகக் கேட்டுவருகிறார்கள். அவர்களில் பலருக்குச் சம்பளம் வருவதும் இதே விமானத் துறையிலிருந்துதான்.