நின்று நின்று நடந்தவர்கள்

பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற வியன்னா வாலிபர், தொழிலாளிகள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராயப் புறப்பட்டார். சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டோ பௌவருக்கு அது அசட்டுத்தனமாகப் பட்டது. நாடெங்கும் வேலையில்லாமல் கிடக்கும்போது ஓய்வைப் பற்றி என்ன ஆராய்ச்சி? அப்படித்தான் அவர்கள் மரியன்டாலுக்குப் போனார்கள்.

வியன்னாவை அடுத்த அந்தச் சிற்றூருக்கு ஜீவனம் ஒரே ஒரு ஆலை. 1930 தொடக்கத்தில் அது அடியோடு மூடிவிட்டது. 478 குடும்பங்களில் முக்கால்வாசிக்கு மேல், சம்பளம் கொண்டுவர ஓர் ஆள்கூட இல்லை. 1931 இறுதியில் லாசர்ஸ்ஃபெல்டும் மரீ யஹோடாவும் தோழர்களும் அங்கே வேலை தொடங்கினார்கள். வெறும் நோட்டுப் புத்தகத்துடன் போகவில்லை. பழைய துணிகளைச் சேகரித்துக் கொடுத்தார்கள். வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். அந்தச் சாக்கில் வீட்டுக்குள் போய்ப் பேச்சைக் கேட்டார்கள்.

பேச்சோடு விட்டிருந்தால் நம்மைப் போன்ற கதைக்காரர்களின் ஜாதியாகியிருப்பார்கள். ஆனால் எண்ணவும் செய்தார்கள். கையில் கடிகாரத்துடன் ஜன்னலோரம் நின்று, தெருவில் போகிறவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தச் சிறு தெருவுக்குள் இரண்டு முறையாவது நின்றார்கள். நிற்காமல் நடந்தவர் பத்தில் ஒருவர்தான். பெண்களுக்கு நிற்க நேரம் ஏது? அடுப்பை எவன் மூடினான்! கூலிதான் போயிற்று, வேலை போகவில்லை. 100 ஆண்களில் 88 பேரிடம் கைவசம் கடிகாரமே இல்லை. வாசகசாலையில் கட்டணத்தை எடுத்துவிட்டும், இரண்டே வருஷத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

வறுமை கலகத்தை மூட்டும் என்று நம்பியவர்கள் உண்டு. மரியன்டாலில் மூண்டது அசதி.

குடும்பங்களைப் பற்றிய குறிப்புகளைப் படித்துப் படித்து நான்கு வகையாகப் பிரித்தார்கள்: மனம் தளராதவர்கள், அடங்கிப் போனவர்கள், மனமொடிந்தவர்கள், எதிலும் பற்றற்றுப் போனவர்கள். அதற்குப் பக்கத்தில் வருமானத்தை வைத்துப் பார்த்தார்கள். குழந்தையை முழு ஆளாக எண்ணாமல், ஆள் ஒன்றுக்கு மாத வருமானம் முறையே 34, 30, 25, 19 ஷில்லிங். தலைநிமிர்ந்தவனுக்கும் தரைபார்த்தவனுக்கும் இடையே 15 ஷில்லிங்! இதைக் கதையாக எழுதினால் யாராவது நம்புவார்களா?

புத்தகம் 1933-ல் ஜெர்மனியில் வெளிவந்தது. யூதப் பெயர்கள் என்பதால் முகப்பில் ஆசிரியர் பெயரே இல்லை. 1936-ல் யஹோடா சிறைப்பட்டார். மறு வருஷம் விடுதலையாகி இங்கிலாந்து சேர்ந்தார். அந்தப் புத்தகம் இங்கிலீஷில் வருவதற்கு 1971 ஆயிற்று.