பலமும் சேரும்: ஒரு சமையல் புத்தகம் ரயிலேறிய கதை

வெளிமாநிலத் தமிழ் வீடுகள் பலவற்றில் பழைய டிரங்குப் பெட்டியைத் துழாவினால், அட்டை கிழிந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு புத்தகம் அகப்படக்கூடும். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. முதல் பாகம் 1951இல் வெளிவந்தது. அதை வெறும் சமையல் குறிப்பு என்று தள்ளிவிட முடியாது. நம்முடைய இடப்பெயர்ச்சியின் வரலாற்று ஆவணங்களில் அதுவும் ஒன்று.

டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்துவிட்டு பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிய தலைமுறையை நினைத்துப் பாருங்கள். பின்னாலேயே புது மனைவி வந்து சேர்ந்தாள். ஊரில் கூட்டுக் குடும்பம். உப்பு, புளி, காரம் எல்லாம் மாமியாரின் கண் திட்டம், கைத் திட்டம். இங்கேயோ ஒற்றை அறை, ஒரு கரி அடுப்பு. ரசம் ஏன் கசக்கிறது என்று யாரைக் கேட்பது? கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும். பதில் வருவதற்குள் ரசம் பத்து தடவை வைத்தாகிவிடும்!

மீனாட்சி அம்மாளுக்கும் இப்படித்தான் உறவுக்காரப் பெண்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பக்குவம் எழுதி அனுப்பினார். உறவினரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர்தான், இவற்றை ஒரு புத்தகமாகப் போடலாமே என்று தூண்டினார். 'இந்து பாகசாஸ்திரம்' போன்ற நூல்கள் முன்பே உண்டு என்றாலும், பக்கத்தில் நின்று சொல்லித் தர ஆளில்லாத பெண்ணுக்கு ஏற்ற புத்தகம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். புத்தகம் பேசியது பலம், ஆழாக்கு. தில்லி, கல்கத்தா மளிகைக்கடைக்காரர் பேசியதோ சேர், பாவ், சட்டாக். ஒரு பலம் என்பது 3 தோலா, ஏறத்தாழ 35 கிராம். வடக்கே ஒரு சேர் 80 தோலா, அதாவது 933 கிராம். அதில் பதினாறில் ஒரு பங்கு சட்டாக், 5 தோலா. எனவே 10 பலம் துவரம்பருப்பு வேண்டுமென்றால் கடையில் 6 சட்டாக் கேட்க வேண்டும். பத்துப் பலத்துக்குக் கணக்கு சுலபமாக விழுந்துவிட்டது. ஒன்றரைப் பலம் புளிக்கு? பம்பாயின் பழைய சேரோ வேறு அளவு. படியில் எட்டில் ஒன்று ஆழாக்கு என்பது சரிதான், ஆனால் அந்தப் படியே ஊருக்கு ஊர் வித்தியாசப்பட்டது. ஊரிலிருந்து வரும்போது ஒரு ஆழாக்கையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்!

1956இல் மெட்ரிக் சட்டம் வந்தது. 1958 முதல் கட்டங்கட்டமாக அமலாகி, 1960களின் தொடக்கத்தில் பலமும் சேரும் சட்டப்படி விடைபெற்றன. தில்லிக் கடையிலும் கிராம்தான், சென்னைக் கடையிலும் கிராம்தான். அப்புறம் பிரஷர் குக்கர் வந்தது, கிரைண்டர் வந்தது. கல்சட்டியும் ஈயச்சொம்பும் பரணுக்குப் போயின. புத்தகம் மட்டும் அடுக்களையிலேயே இருந்தது. 'குக் அண்ட் ஸீ' என்று ஆங்கிலத்திலும் வந்ததால், தமிழ் படிக்கத் தெரியாத பேத்திகளுக்கும் பயன்பட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் புத்தகத்தில் இருப்பது பிராமண வீட்டுச் சைவச் சமையல். ரயிலேறியவர்கள் குமாஸ்தாக்கள் மட்டுமல்லவே. பம்பாய் தாராவிக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்களும் சட்டி வைத்து, மசாலா அரைத்து, கருவாட்டுக் குழம்பு கொதிக்கவிட்டுத்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தக் குழம்புக்குப் பக்குவம் கேட்டு ஊருக்குக் கடிதம் போட, பெரும்பாலான பெண்களுக்கு எழுத்துப் பழக்கமே இருக்கவில்லை. பக்கத்துக் குடிசை அக்காவும் அத்தையும்தான் புத்தகம். அளவெல்லாம் ஒரு கை, ஒரு கிள்ளு, ஒரு நெல்லிக்காய் அளவு. அந்தப் பாட்டிகள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கேட்டால் வாயால் சொல்லமாட்டார்கள், "பக்கத்துல நின்னு பாரு" என்பார்கள்.