மிளகாய் விதையின் பொறுமை

'மிளகாய்' என்ற சொல்லே ஒரு வரலாற்றுச் சான்று. இங்கே மிளகு ஏற்கெனவே இருந்தது. அதே மாதிரி உறைக்கிற புதுக் காய் ஒன்று வந்ததும் மிளகின் பெயரையே அதற்கும் ஒட்டிவிட்டார்கள். மிளகைத் தேடிக் கிளம்பிய கொலம்பஸ் கூட்டம் செய்ததும் இதைத்தான். ஆங்கிலத்தில் இன்றும் இரண்டுமே பெப்பர். அமெரிக்கக் கண்டத்துச் செடி, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது.

அதனால், மிளகாய் விதையைச் சாணிப்பாலிலோ கோமியத்திலோ ஊறவைப்பது ஈராயிரம் வருஷப் பழக்கம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானிக்கலாம். அப்போது இங்கே மிளகாயே கிடையாது. ஆனால் விதைநேர்த்தி என்ற யோசனை நிஜமாகவே பழசு. தானிய விதையை இரவில் பனியிலும் பகலில் வெயிலிலும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் விதையைப் பத்து நாள் பாலில் போட்டு, நெய் தடவி, சாணத்தில் புரட்டச் சொல்கிறார். கிரேக்கத்தில் தியோபிராஸ்டஸ் வெள்ளரி விதையைப் பாலில் ஊறவைப்பது பற்றி எழுதியிருக்கிறார். மிளகாய் வந்து சேர்ந்தபோது கைப்பழக்கம் தயாராக இருந்தது. விதைதான் புதிது.

அந்த விதையோ சோம்பேறி. நெல் மூன்று நாலு நாளில் முளை காட்டும். மிளகாய்க்கு எட்டு முதல் பதினான்கு நாள். மிளகாயின் கருவைச் சுற்றி இறுகிய முளைசூழ்தசை இருக்கிறது. அது இளகினால்தான் வேர்முனை வெளியே வரும். குளிர் அதிகமானால் இன்னும் தாமதம். இந்தியாவில் சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் நெல்லுக்கு 80 சதவீதம். மிளகாய்க்கு வெறும் 60. 98 குழி உள்ள நாற்றுத் தட்டில் ஏறக்குறைய 40 குழி காலியாகக் கிடந்தாலும் சட்டப்படி அது நல்ல விதை!

1973-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் வால்டர் ஹெய்டெக்கரும் சகாக்களும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் விதையை ஊறவைத்து நேச்சர் இதழில் எழுதினார்கள். விதைக்குள் வேலை ஆரம்பிக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். வேர் வெளிவரும் அளவுக்கு இல்லை. அந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி உலர்த்திவிடுவது. அர்த்தசாஸ்திரத்தின் பனியும் வெயிலும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் அளவில்லாமல் செய்தன. ஆய்வகங்களில் 0.2 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட்டும் ஜிப்ரலிக் அமிலமும் மிளகாய் விதையைத் தட்டி எழுப்புகின்றன. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலப்பது வேறு சமாச்சாரம்: அது முளைப்பை வேகப்படுத்த அல்ல, நாற்றழுகலிலிருந்து காப்பாற்ற.

அப்படியென்றால் எல்லோரும் ஊறவைத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் ஊர் குறுக்கே வருகிறது. மதுரையைச் சுற்றிக் கிணறும் பெரியாறு-வைகைப் பாசனமும் உள்ள இடங்களில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் நம் கையில். அங்கே வேகமும் சீரும் லாபம். ஒரே நாளில் முளைத்த நாத்தை ஒரே நாளில் நடலாம். கிழக்கே இராமநாதபுரத்துக் கரிசலில் கதை வேறு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயை அங்கே மானாவாரியாக, வடகிழக்குப் பருவமழையை நம்பி நேரடியாகவே விதைக்கிறார்கள். ஒரு தூறலுக்கு முளைவிட்டு, அடுத்த பத்து நாள் மழை இல்லையென்றால் அந்த முளை கருகும். காய்ந்த விதை மண்ணில் காத்திருக்கும். வேர் விட்ட விதைக்குத் திரும்பிப்போக வழியில்லை.

சம்சாரியைப் பொறுத்தவரை விதையின் சோம்பேறித்தனம் பாதி தொல்லை, பாதி காப்பீடு. விதைநேர்த்தி அந்தக் காப்பீட்டில் கொஞ்சத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறது. தண்ணீர் உறுதியாக இருக்கும் இடத்தில் அது நல்ல பேரம். வானத்தைப் பார்த்திருக்கும் இடத்தில், எந்தக் கரைசல் என்று கேட்பதற்கு முன் மழை எப்போது என்று கேட்க வேண்டியிருக்கிறது.