கோப்பை வந்த கோடை: 2007 ஆசியக் கோப்பையும் ஈராக் ரசிகர்களும்

2007 ஜூலை 29 அன்று ஜகார்த்தாவின் கெலோரா புங் கர்னோ மைதானத்தில் நடந்த ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈராக், சவூதி அரேபியாவை 1-0 என வென்றது. சவூதி அதற்கு முன் மூன்று முறை கோப்பையைக் கைப்பற்றிய அணி. ஈராக்குக்கு இந்தப் போட்டியில் அதுவரை கிடைத்திருந்த உயர்ந்த இடம் 1976இல் பெற்ற நான்காம் இடம்தான். உள்நாட்டில் ரத்தம் ஆறாக ஓடிக்கொண்டிருந்ததால் சொந்த மண்ணில் சர்வதேச ஆட்டம் ஆடவும் வழியில்லை. ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் பாக்தாத், பஸ்ரா, எர்பில், கிர்குக் என ஊர் ஊராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த வெற்றியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கோலைப் பற்றியே எழுதுகிறார்கள். ஆனால் தெருவில் நடந்ததுதான் பெரிய வரலாறு.

ஈராக்கில் கால்பந்து முதல் உலகப் போரின்போது வந்த பிரிட்டிஷ் படைகளோடு வேரூன்றியது. முகாம்களிலும் பள்ளிகளிலும் பரவிய ஆட்டத்துக்கு 1948இல் தேசியச் சங்கம் அமைந்தது; 1950இல் அது ஃபிஃபாவில் சேர்ந்தது. தேசிய அணி 1957இல் பெய்ரூத்தில் நடந்த அரபு விளையாட்டுப் போட்டியில் முதன்முதலாகக் களம் இறங்கியது. அந்த அணியின் முன்கள வீரர் அம்மோ பாபா, ஹப்பானியாவின் பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்தை ஒட்டி வளர்ந்த அசீரியக் கிறிஸ்தவர். பின்னாளில் பயிற்சியாளராகவும் ஊரே போற்றும் பெயர் எடுத்தார். அரபு, குர்து, துருக்மன், அசீரியர் என்று பல இனங்கள் வாழும் நாட்டில், எந்த இனத்துப் பிள்ளையும் தேசிய அணிச் சட்டையைப் போடலாம் என்ற நம்பிக்கை அவரைப் போன்றவர்களால் உண்டானது. 1966இல் குல்பென்கியன் அறக்கட்டளையின் பணத்தில் பாக்தாதில் ஷஅப் மைதானம் எழுந்தது. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஈராக் ரசிகர்களுக்குத் தாய்வீடு அதுதான்.

1980களில் அணி உச்சத்தில் இருந்தது. 1982 ஆசிய விளையாட்டில் தங்கம், 1984லும் 1988லும் வளைகுடாக் கோப்பை, 1986இல் மெக்சிகோவில் உலகக் கோப்பை. ஈரானுடன் போர் நடந்த காலம் என்பதால் அந்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டங்களை வெளிநாட்டு மைதானங்களில்தான் ஆட வேண்டியிருந்தது. மெக்சிகோவில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. பெல்ஜியத்துக்கு எதிராக அஹ்மத் ராதி அடித்த ஒரே கோலை ஈராக்கியர் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

இதே பத்தாண்டில்தான் சதாம் ஹுசைனின் மூத்த மகன் உதய் கால்பந்துச் சங்கத்தையும் ஒலிம்பிக் குழுவையும் தன் கைக்குள் கொண்டுவந்தார். தோற்று வந்த வீரர்களைச் சிறையில் அடைப்பது, உள்ளங்காலில் அடிப்பது, தலையை மொட்டையடிப்பது எனப் பல கொடுமைகள் நடந்ததை 2003க்குப் பிறகு வீரர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். வெற்றி வந்தால் அது ஆட்சியின் பெருமை; தோல்வி வந்தால் அது வீரனின் உடம்பில் விழும் அடி. ரசிகர்களின் கொண்டாட்டத்துக்கும் அரசாங்கமே சொந்தம் கொண்டாடிய அந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால்தான் 2007இன் கொண்டாட்டம் ஏன் அப்படி வெடித்தது என்பது புரியும்.

2003இல் அமெரிக்கப் படை நுழைந்தபின் உதய் கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், கிறிஸ்டியானோ ரொனால்டோ ஆடிய போர்ச்சுகல் அணியை ஈராக் 4-2 என வீழ்த்தி, இறுதியில் நான்காம் இடம் பிடித்தது. ஆனால் அதற்குள் நாடு சிதறத் தொடங்கியிருந்தது. 2006 பிப்ரவரியில் சமாராவின் அஸ்கரி பள்ளிவாசல் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதும் சன்னி, ஷியா பிரிவுகளிடையே கொலைகள் கட்டுக்கடங்காமல் போயின. அதே ஆண்டு ஜூலையில் ஒலிம்பிக் குழுத் தலைவரையும் அவருடன் இருந்த பலரையும் ஆயுதக் கும்பல் பாக்தாதில் கடத்திச் சென்றது. வீரர்களில் பலர் வெளிநாட்டு கிளப்புகளுக்குப் போய்விட்டார்கள். மைதானத்துக்குப் போவதே உயிரைப் பணயம் வைக்கும் செயல் என்றாகி, ரசிகர்கள் வீட்டுத் தொலைக்காட்சியோடு முடங்கினார்கள். அதற்கும் மின்சாரம் வேண்டும். நாளில் சில மணி நேரமே மின்சாரம் வந்த நகரத்தில், ஆட்டம் இருக்கும் நாளுக்காகத் தெரு ஜெனரேட்டருக்கு எண்ணெய் சேர்த்து வைப்பது பழக்கமானது.

2007 போட்டியை இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து நடத்தின. ஈராக் அணிக்குப் பயிற்சியாளராக பிரேசில்காரரான ஜோர்வான் வியேரா சுமார் இரண்டு மாத ஒப்பந்தத்தில் வந்தார். அவர் கையில் கிடைத்தது, ஒருவரோடொருவர் பேசவே தயங்கிய சன்னி, ஷியா, குர்து இளைஞர்களின் கூட்டம். அணி புறப்படுவதற்கு முன்பே அதன் பிசியோதெரபிஸ்ட் பாக்தாதில் குண்டுவெடிப்பில் இறந்தார். உறவினர் ஒருவரையாவது பறிகொடுக்காத வீரர் அந்த அணியில் அநேகமாக இல்லை.

போட்டி நாட்களையும் ஈராக்கின் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஜூலை 7 அன்று பாங்காக்கில் தாய்லாந்துடன் 1-1. அன்றுதான் அமிர்லி என்ற துருக்மன் ஊரின் சந்தையில் லாரி குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஜூலை 13 அன்று ஆஸ்திரேலியாவை 3-1 என வென்றபோதுதான் ஈராக்கியர்களுக்கு முதன்முதலாக ஆசை துளிர்த்தது. ஜூலை 16 அன்று ஓமானுடன் 0-0. அன்று கிர்குக்கில் இன்னொரு லாரி குண்டு எண்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஜூலை 21 அன்று காலிறுதியில் வியட்நாமை 2-0 என வென்றார்கள். இரண்டு கோல்களையும் அடித்தவர் கேப்டன் யூனிஸ் மஹ்மூத், கிர்குக் பகுதியைச் சேர்ந்த சன்னி.

ஜூலை 25 அன்று கோலாலம்பூரில் தென் கொரியாவுடன் அரையிறுதி. கூடுதல் நேரம் முடிந்தும் கோல் விழவில்லை. பெனால்டி ஷூட் அவுட்டில் கோல்கீப்பர் நூர் சப்ரி ஓர் உதையைத் தடுத்தார், இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஈராக் 4-3 என வென்றது. பாக்தாத் மக்கள் கொடிகளோடு வெளியே வந்தார்கள். மன்சூர் பகுதியில் ஐஸ்கிரீம் கடை ஒன்றின் அருகே கார்களில் ஹார்ன் அடித்துக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்த கூட்டத்துக்குள் தற்கொலைக் கார் குண்டு பாய்ந்தது. சற்று நேரத்தில் நகரின் கிழக்கே கதீர் பகுதியில், ராணுவச் சோதனைச் சாவடியைச் சுற்றிக் கொண்டாடியவர்கள் நடுவே இரண்டாவது குண்டு. மொத்தம் ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் நூற்றுக்கும் மேல். கால்பந்து ரசிகர் என்ற ஒரே காரணத்துக்காகக் குறிவைக்கப்பட்ட கூட்டம் அது. எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று பார்க்காமல் எல்லோரும் கலந்து நின்றதுதான் கொலையாளிகளின் கண்ணை உறுத்தியது.

செய்தி வீரர்களை எட்டியதும் இறுதி ஆட்டத்தில் ஆடவே வேண்டாம் என்ற பேச்சு எழுந்தது. தங்களுக்காகத் தெருவுக்கு வந்தவர்கள் இனியும் சாக வேண்டாம் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தக் குண்டில் சிறு வயது மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, அணி கோப்பையோடு வரும்வரை பிள்ளையை அடக்கம் செய்ய மாட்டேன் என்று சொல்வதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகே முடிவு மாறியதாக யூனிஸ் மஹ்மூத் பின்னர் விவரித்தார். இறுதி ஆட்டத்தில் ஈராக் வீரர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டி ஆடினார்கள்.

அன்று ஜகார்த்தா மைதானத்தில் சுமார் 60,000 பேர். ஈராக்குக்கே ஆரவாரம் அதிகம். பாக்தாதில் வாகனப் போக்குவரத்துக்குத் தடை போட்டிருந்தார்கள். ஜகார்த்தாவில் இரவு, பாக்தாதில் வெயில் தணியாத பிற்பகல். 72ஆவது நிமிடத்தில் குர்து வீரர் ஹவார் முல்லா முகமது வலப்பக்கத்திலிருந்து கார்னர் உதைத்தார். பந்தைப் பிடிக்க முன்னேறி வந்த சவூதி கோல்கீப்பரின் கைக்கு அது எட்டவில்லை. தூரக் கம்பத்தருகே காத்திருந்த யூனிஸ் எழும்பித் தலையால் தட்டினார். குர்து உதைத்த பந்து, சன்னியின் தலை, கோல் வலையைக் காத்து நின்ற ஷியா: ஈராக்கியர்கள் அந்தக் கோலை இப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

கார் ஓடாத தெருக்களில் மக்கள் நடந்தே திரண்டார்கள். முந்தைய ஆண்டு செப்டம்பரில் குர்து பகுதித் தலைவர் மசூத் பர்சானி, சதாம் காலத்து ஈராக் கொடியைத் தம் பகுதி அரசுக் கட்டடங்களில் ஏற்றக் கூடாது என்று ஆணையிட்டிருந்தார். அந்தக் கொடியையே எர்பிலில் இளைஞர்கள் குர்துக் கொடியோடு சேர்த்துப் பிடித்து ஆடினார்கள். நாட்டை விட்டு வெளியேறிய ஏறத்தாழ 20 லட்சம் பேரில் பெரும்பகுதியினர் சிரியாவிலும் ஜோர்டானிலும் இருந்தார்கள்; டமாஸ்கஸிலும் அம்மானிலும் அவர்கள் தெருவை நிறைத்தார்கள்.

இந்தக் கொண்டாட்டத்துக்கும் ஒரு விலை இருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வானத்தை நோக்கிச் சுடுவது ஈராக்கில் நெடுநாள் வழக்கம். 2003க்குப் பின் வீட்டுக்கு ஒரு கலாஷ்னிகோவ் வைத்துக்கொள்ள ஆக்கிரமிப்பு நிர்வாகமே அனுமதித்திருந்தது. கோல் விழுந்ததும், ஆட்டம் முடிந்ததும் நகரமெங்கும் சுட்டார்கள். மேலே போன தோட்டா கீழே வந்துதானே ஆக வேண்டும்! அன்று மட்டும் குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். மகிழ்ச்சியின் பெயரால் நிகழ்ந்த இந்தச் சாவுகளை அந்த நாளின் கணக்கிலிருந்து நீக்கிவிட முடியாது.

கால்பந்து ஈராக்கை ஒன்றாக்கிவிட்டது என்று அப்போது பல நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அது மிகை. மூன்றே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, முக்கிய சன்னி கூட்டணி பிரதமர் நூரி அல்-மாலிகியின் அமைச்சரவையிலிருந்து வெளியேறியது. கோப்பையோடு அணி பாக்தாத் வந்தபோது கேப்டன் யூனிஸ் உடன் வரவில்லை. ஊர் திரும்பினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று ஜகார்த்தாவிலேயே சொன்ன அவர், அமெரிக்கப் படை வெளியேற வேண்டும் என்றும் வெளிப்படையாகக் கேட்டார். வரவேற்பு விருந்தும் பலத்த காவலிட்ட பச்சை மண்டலத்துக்குள்தான் நடந்தது. தெருவில் ஆடிய ரசிகனுக்கு அங்கே இடமில்லை. ஆனால் தலைவர்கள் செய்ய மறுத்ததை ரசிகர்கள் செய்தார்கள், அதுவும் குண்டு வெடித்த நான்காம் நாளே அதே தெருக்களில். அரசியல் கணக்கில் ஏறாத துணிச்சல் அது.

சொந்த மண்ணுக்கு ஆட்டம் திரும்பச் சில ஆண்டுகள் பிடித்தன. 2009 ஜூலையில் பாலஸ்தீன அணி எர்பிலுக்கும் பாக்தாதுக்கும் வந்தது. ஷஅப் மைதானம் நிரம்பி வழிந்தது. 2013இல் பஸ்ராவில் 65,000 பேர் அமரும் மைதானம் திறக்கப்பட்டது. 2023 ஜனவரியில் வளைகுடாக் கோப்பை பஸ்ராவுக்கு வந்தது. 1979க்குப் பிறகு ஈராக் அதை நடத்துவது அதுவே முதல் முறை. அண்டை நாடுகளிலிருந்து வந்த ரசிகர்களைப் பஸ்ரா மக்கள் தங்கள் வீடுகளில் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். ஜனவரி 19 இறுதி ஆட்டத்துக்கு முன் மைதான வாயிலில் ஏற்பட்ட நெரிசலில் உயிரிழப்பும் நேர்ந்தது. அன்று கூடுதல் நேரத்தில் ஓமானை 3-2 என வென்று, வளைகுடாக் கோப்பையை ஈராக் நான்காம் முறையாகப் பெற்றது.